பேச்சைக் கற்பிப்பது யார்? செவிலியர் மாணவிகளும் வார்டும்

பி.எஸ்சி. நர்சிங் படிக்கும் மாணவி மனநலப் பிரிவுக்குப் போஸ்டிங் போகும்போது வழக்கமில்லாத ஒரு பாடம் எழுத வேண்டியிருக்கிறது. ஒரு நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்து சிறிது நேரம் பேச வேண்டும். பேசி முடித்து வந்ததும், நடந்த உரையாடலை நினைவிலிருந்து தாளில் எழுத வேண்டும். தாள் கட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கும். நோயாளி சொன்னது ஒரு கட்டத்தில், மாணவி சொன்னது அடுத்ததில், அந்த நேரத்தில் அவள் மனத்தில் ஓடியது இன்னொன்றில். தான் ஏன் அப்படிப் பேசினோம், பேச்சு எங்கே திசைமாறியது என்று பிறகு யோசித்து எழுதுவதற்குக் கடைசிக் கட்டம். கல்லூரிக்குக் கல்லூரி கட்டங்களின் எண்ணிக்கை கூடலாம், குறையலாம். 'பிராசஸ் ரெக்கார்டிங்' என்பது இதன் பெயர். 1794இல் தோன்றி இன்று சென்னை கீழ்ப்பாக்கத்தில் அரசு மனநல நிலையமாக இயங்கும் மருத்துவமனைக்கு வெளியூர்க் கல்லூரிகளிலிருந்து வந்து தங்கும் மாணவிகள் இந்தத் தாள்களோடுதான் ஊர் திரும்புகிறார்கள்.

அதே மாணவி அறுவைச் சிகிச்சை வார்டுக்கும் பிரசவ அறைக்கும் புற்றுநோய்ப் பிரிவுக்கும் போகிறாள். அங்கே அவள் எழுதி நிரப்பும் நோட்டுகள் ஏராளம். உடல் வெப்பம், நாடி, ரத்த அழுத்தம், மருந்து, காயத்தின் நிலை, பராமரிப்புத் திட்டம் என எல்லாம் அதில் இருக்கும். அவள் நோயாளியிடம் என்ன பேசினாள் என்று மட்டும் எவரும் எழுதச் சொல்வதில்லை. மனம் நொந்தவரிடம் பேசத்தான் பயிற்சி வேண்டும், காலில் புண் வந்தவரிடம் பேச வேண்டாம் என்பதுபோல இந்த ஏற்பாடு அமைந்துவிட்டது. (செவிலியர் படிப்பில் ஆண்களும் சேர்கிறார்கள். பெரும்பான்மையினர் பெண்கள் என்பதால் இக்கட்டுரையில் 'மாணவி' என்றே எழுதுகிறேன்.)

நோயாளியிடம் பேசுவது கற்றுக்கொள்ளக்கூடிய ஒரு மருத்துவத் திறன் என்பதில் இன்று ஆய்வாளர்களிடையே பெரிய சண்டை இல்லை. அதை யார் கற்பிக்கிறார்கள் என்பதே கேள்வி. பாடநூலும் வகுப்பறையும் என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். அறுபது ஆண்டுகளாக நடந்த ஆய்வுகளைச் சேர்த்துப் படித்தால் வேறொரு விடை கிடைக்கிறது. மாணவியின் பேச்சைத் தீர்மானிக்கும் பெரிய ஆசிரியர் வார்டுதான். அந்த ஆசிரியர் பல வேளைகளில் மௌனத்தையே கற்பிக்கிறார்.

கட்டம் போட்ட தாளின் கதை

பிராசஸ் ரெக்கார்டிங்கைச் செவிலியர் கல்வியில் நிலைநிறுத்தியவர் அமெரிக்கரான ஹில்டெகார்ட் பெப்லாவ் (1909–1999). இரண்டாம் உலகப்போரில் ராணுவச் செவிலியராக இங்கிலாந்தில் பணியாற்றி, போரில் மனம் சிதைந்த வீரர்களைக் கவனித்தவர். செவிலியருக்கும் நோயாளிக்கும் இடையிலான உறவைப் பற்றி அவர் எழுதிய நூல் 1948லேயே தயாராகிவிட்டது. அச்சேறியது 1952இல். மருத்துவர் ஒருவரின் பெயர் இணையாசிரியராக இல்லாமல் செவிலியர் ஒருவர் தனியாக இப்படிப்பட்ட நூலை எழுதுவது அன்றைய பதிப்புலகுக்கு உவப்பாக இல்லை. நோயாளியிடம் மட்டுமல்ல, சக மருத்துவ உலகத்திடமும் பேசுவதற்குச் செவிலியர் உரிமை பெற வேண்டியிருந்த காலம் அது.

பெப்லாவ் சொன்னதன் சாரம் எளிது. செவிலியர் நோயாளியிடம் முதலில் ஓர் அந்நியராகத்தான் வருகிறார். அந்த அந்நியத்தன்மையிலிருந்து தொடங்கும் உறவு சில கட்டங்களைக் கடந்து, நோயாளி தன் காலில் நிற்கும்போது முடிவுக்கு வருகிறது. இந்த உறவே சிகிச்சையின் ஒரு பகுதி. ஊசிக்கும் மருந்துக்கும் இடையில் போகிற போக்கில் நடக்கும் உபசாரம் அல்ல. ஆகவே அதைக் கவனித்து, பதிவுசெய்து, ஆராய வேண்டும். நல்ல மனம் இருந்தால் பேச்சு தானே வரும் என்பதை அவர் ஏற்கவில்லை. செவிலியரின் சொந்தப் பதற்றமும் அந்தப் பேச்சுக்குள் புகுந்துவிடுகிறது. அதைத் தாளில் எழுதிப் பார்க்காதவரை அவருக்கே அது தெரியாது.

யேல் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஐடா ஜீன் ஒர்லாண்டோ இதை இன்னும் கூர்மையாக்கினார். செவிலியர்–நோயாளி சந்திப்புகள் ஏறத்தாழ 2000த்தைத் திரட்டி ஆராய்ந்து, 1961இல் நூலாக வெளியிட்டார். எந்தச் சந்திப்புகள் நோயாளிக்குப் பயன்பட்டன, எவை பயன்படவில்லை என்று பிரித்துப் பார்த்தபோது அவருக்கு ஒரு வேறுபாடு தெரிந்தது. பயன்பட்ட சந்திப்புகளில் செவிலியர் தான் ஊகித்ததை நோயாளியிடமே கேட்டு உறுதிசெய்துகொண்டார். மற்றவற்றில் தன் ஊகத்தை உண்மையாகக் கொண்டு நேராகச் செயலில் இறங்கினார். தூங்காத நோயாளிக்கு வலி என்று எண்ணி மாத்திரை கொடுப்பது ஒரு செயல். "ஏன் தூக்கம் வரல?" என்று கேட்டு, வீட்டில் தனியாக விட்டுவந்த பிள்ளைகளைப் பற்றிய கவலை என்று தெரிந்துகொள்வது இன்னொரு செயல். இரண்டிலும் அக்கறை இருக்கிறது. ஒன்றில்தான் நோயாளி இருக்கிறார்.

ஒரு கேள்வி, இரண்டு பதில்கள்

இந்த வேறுபாடு நம் வார்டில் எப்படி இருக்கும்? கற்பனையாக ஓர் உரையாடலை எடுத்துக்கொள்வோம். சர்க்கரை நோயால் காலில் புண் ஆறாத பெரியவர் ஒருவர் அறுவைச் சிகிச்சை வார்டில் படுத்திருக்கிறார். ரத்த அழுத்தம் பார்க்க மாணவி வருகிறாள்.

"பாப்பா, விரலை எடுத்துருவாங்களாமே?"

"அதெல்லாம் டாக்டர் பாத்துக்குவாரு அய்யா. பயப்படாதீங்க. கையை நீட்டுங்க."

இதில் கடுமையான சொல் ஒன்றுகூட இல்லை. 'அய்யா' என்ற மரியாதை இருக்கிறது, ஆறுதலும் இருக்கிறது. ஆனால் பெரியவர் கேட்ட கேள்வி அந்த இடத்திலேயே மூடப்பட்டுவிட்டது. அவர் இனி அந்த மாணவியிடம் அதைக் கேட்கமாட்டார். மனத்தில் ஓடியதை எழுதும் கட்டத்தில் அவள் உண்மையை எழுதினால் இப்படி இருக்கும்: "என்ன சொல்றதுன்னு எனக்குத் தெரியல. இன்னும் ஆறு பேருக்கு பிபி பாக்கணும். நான் ஏதாவது சொல்லி தப்பாயிட்டா சிஸ்டர் திட்டுவாங்க." ஆறுதல் என்று தோன்றியது உண்மையில் அவளுடைய தற்காப்பு.

அவள் வேறு விதமாகத் தொடங்கியிருக்கலாம்.

"யாரு சொன்னாங்க அய்யா? நீங்க என்ன கேள்விப்பட்டீங்க?"

"பக்கத்து பெட்டுக்காரருக்கும் மொதல்ல விரல்னுதான் சொன்னாங்களாம். அப்புறம் முட்டி வரைக்கும் எடுத்துட்டாங்க. எனக்கும் அப்படித்தான் செய்வாங்கன்னா நான் வீட்டுக்கே போயிர்றேன்."

"அத நினைச்சுத்தான் ராத்திரி தூங்கலையா? நான் இன்சார்ஜ் சிஸ்டர்கிட்ட சொல்றேன். டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது நீங்களே கேளுங்க, நான் பக்கத்துல நிக்கிறேன்."

மாணவி தன் எல்லையைத் தாண்டவில்லை. அறுவைச் சிகிச்சை பற்றி எந்த வாக்குறுதியும் தரவில்லை. ஆனால் வார்டுக்கு மிக முக்கியமான ஒரு செய்தி அவள் கையில் கிடைத்துவிட்டது: சிகிச்சையை மறுத்து வீட்டுக்குப் போய்விடலாம் என்று இந்த நோயாளி எண்ணிக்கொண்டிருக்கிறார். ரத்த அழுத்தக் கருவி இதைக் காட்டாது. சம்மதப் படிவத்தில் கையெழுத்து வாங்கும்போதும் இது வெளிவராமல் போகலாம்.

முதல் பதிலைப் போன்ற பேச்சை ஆய்வாளர்கள் தடுக்கும் பேச்சு என்று வகைப்படுத்துகிறார்கள். அவசரமாக ஆறுதல் சொல்வது, பேச்சை மாற்றுவது, உடல் சம்பந்தமானதற்கு மட்டும் பதில் சொல்வது, டாக்டர்மேல் போட்டுவிட்டு நகர்வது ஆகியவை அதன் வடிவங்கள். இதில் வெற்று ஆறுதலைப் பற்றி ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் 1859இல் வெளியான தன் செவிலியர் நூலில் ஓர் அத்தியாயமே எழுதிக் கண்டித்திருக்கிறார். நோயாளியின் பார்வை படும் இடத்தில் உட்கார்ந்து பேச வேண்டும், பேசுகிறவரைப் பார்க்க அவர் தலையைத் திருப்ப வேண்டிவரக்கூடாது என்பதுவரை அவர் சொல்லிவைத்திருக்கிறார். லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் அவர் பெயரில் செவிலியர் பள்ளி 1860இல் தொடங்குவதற்கு முன்பே இது எழுதப்பட்டுவிட்டது.

ஒரு நூற்றாண்டுக்குப் பிறகும் நிலைமை பெரிதாக மாறவில்லை. பிரிட்டனில் புற்றுநோயாளிகளைக் கவனித்த செவிலியர்களின் உரையாடல்களை ஒலிப்பதிவு செய்து ஆராய்ந்த சூசி வில்கின்சன், 1991இல் தன் முடிவுகளை வெளியிட்டார். தடுக்கும் பேச்சு அங்கே பரவலாக இருந்தது. செவிலியர்களை அவர் நான்கு வகையாகப் பிரித்தார்: நோயாளியைப் பேசவிடுகிறவர்கள், கண்டுகொள்ளாதவர்கள், தகவல் மட்டும் சொல்கிறவர்கள், எல்லாம் கலந்தவர்கள். ஒருவர் எந்த வகையில் விழுகிறார் என்பதோடு தொடர்புடையவையாக அவர் கண்டவற்றுள் மரணம் பற்றிய அவரவர் மனநிலையும் ஒன்று. வார்டுத் தலைமைச் செவிலியர் உருவாக்கிவைத்திருக்கும் சூழல் இன்னொன்று. இந்த இரண்டாவது காரணம் நம்மை வார்டுக்கு அழைத்துச் செல்கிறது.

வார்டு நடத்தும் பாடம்

லண்டனின் பெரிய பயிற்சி மருத்துவமனை ஒன்று 1950களின் பிற்பகுதியில் தவிஸ்டாக் என்ற ஆய்வு நிறுவனத்தின் உதவியை நாடியது. மாணவிகளை வார்டுகளில் அமர்த்தும் முறையில் ஏற்பட்ட சிக்கலைத் தீர்ப்பது நோக்கம். ஆராயப் போன உளப்பகுப்பாய்வாளர் இசபெல் மென்ஸீஸ், மாணவிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் படிப்பை முடிக்காமலே விலகுவதைக் கண்டார். நோயும் மரணமும் அருவருப்பும் தரும் பதற்றத்தை அந்த மருத்துவமனை எப்படிக் கையாள்கிறது என்று பார்த்தபோது அவருக்குக் காரணம் விளங்கியது. வேலை சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டப்பட்டிருந்தது. ஒரு மாணவி எல்லோருக்கும் வெப்பம் பார்ப்பாள், இன்னொருத்தி எல்லோருக்கும் படுக்கை விரிப்பாள். எவரும் ஒரு நோயாளியோடு முழுதாக இருப்பதில்லை. நோயாளிகள் படுக்கை எண்ணாலும் பழுதான உறுப்பாலும் அழைக்கப்பட்டார்கள். ஒரு வார்டில் பழகத் தொடங்கும்போதே மாணவி வேறு வார்டுக்கு மாற்றப்பட்டாள். நோயாளியோடு நெருங்கினால் வரும் வேதனையிலிருந்து செவிலியரைக் காப்பாற்ற அந்த அமைப்பு தனக்குத்தானே கட்டிக்கொண்ட வேலி இது என்றார் மென்ஸீஸ். அந்த வேலி பதற்றத்தைத் தீர்க்கவில்லை. இந்த வேலைக்கு வரத் தூண்டிய காரணத்தையே அது மாணவிகளிடமிருந்து பிடுங்கிக்கொண்டது.

தமிழ்நாட்டில் ஏதாவதொரு பெரிய ஜி.எச். வார்டில் காலை நேரத்தில் நின்றிருப்பவர்களுக்கு இந்த வர்ணனை அந்நியமாகத் தோன்றாது. ஒரு மாணவிக்கு பிபி, ஒருத்திக்கு ட்ரிப்ஸ், ஒருத்திக்கு கேஸ் ஷீட். "பன்னெண்டாம் நம்பர் பெட்டு", "அந்த ஹெர்னியா கேஸ்" என்பவை புழங்கும் சொற்கள். வேலை நெருக்கடியில் இது வசதி. மாணவியின் காதில் அது பாடமாகவும் விழுகிறது.

யாரிடம் பேசுவது என்பதையும் வார்டே கற்றுத்தருகிறது. ஃபெலிசிட்டி ஸ்டாக்வெல் 1972இல் வெளியிட்ட ஆய்வு, செவிலியர்களுக்குப் பிடித்த நோயாளிகள் யார், பிடிக்காதவர்கள் யார் என்று கேட்டது. கலகலப்பாகப் பேசி, செவிலியரின் பெயரைத் தெரிந்துவைத்து, சொன்னபடி கேட்டு நடப்பவர்கள் பிடித்தவர்கள். முனகுகிறவர்கள், அடிக்கடி கூப்பிடுகிறவர்கள், பல மாதமாகக் கிடக்கிறவர்கள், வெளிநாட்டினர், மனநோய் உள்ளவர்கள் பிடிக்காதவர்கள். பேச்சு மிகத் தேவைப்படுகிறவர்களுக்கே அது மிகக் குறைவாகக் கிடைக்கும் நிலை இது. நம் ஊரில் இந்தப் பட்டியலில் குடித்துவிட்டு விழுந்து அடிபட்டவரையும், விஷம் குடித்துக் காப்பாற்றப்பட்ட பெண்ணையும், கூட ஆள் இல்லாமல் கிடக்கும் முதியவரையும் சேர்க்க வேண்டும். இவர்களைப் பற்றி மூத்தவர்கள் எந்தத் தொனியில் பேசுகிறார்கள் என்பதை முதலாண்டு மாணவி கவனித்துக்கொண்டிருக்கிறாள்.

பாம் ஸ்மித் 1992இல் வெளியிட்ட நூல் இந்தக் கவனிப்பையே ஆராய்ந்தது. செவிலியர் தன் உணர்ச்சியை அடக்கியும் வரவழைத்தும் நோயாளியிடம் நடந்துகொள்வது ஓர் உழைப்பு. அந்த உழைப்பை மாணவிகள் எங்கே கற்கிறார்கள் என்று அவர் தேடினார். வார்டின் உணர்ச்சித் தொனியை நிர்ணயிப்பவர் வார்டு சிஸ்டர். அவர் மாணவிகளை அன்போடு நடத்தும் வார்டில் மாணவிகள் நோயாளிகளை அன்போடு நடத்துகிறார்கள்.

அமெரிக்காவில் ஃபிலடெல்ஃபியாவின் தாமஸ் ஜெஃபர்சன் பல்கலைக்கழகத்தில் நடந்து 2012இல் வெளியான ஓர் ஆய்வு இன்னும் கசப்பானது. செவிலியர் மாணவர்களின் பரிவுணர்வைக் கல்வியாண்டின் தொடக்கத்திலும் முடிவிலும் அளந்து பார்த்தார்கள். நோயாளிகளோடு அதிகம் பழகியவர்களிடம்தான் பரிவு குறைந்திருந்தது. வார்டுக்கு அனுப்பினால் பேசக் கற்றுக்கொள்வார்கள் என்ற நம்பிக்கையை இந்த முடிவு ஆட்டம்காண வைக்கிறது. துணையில்லாமல் வார்டுக்குப் போகும் மாணவி அங்கே பேச்சைவிடத் தற்காப்பையே விரைவாகக் கற்கிறாள்.

நடிக்கும் நோயாளி

வார்டின் ஆபத்தைத் தவிர்க்க ஒரு வழி, வார்டுக்கு வெளியே பழகவிடுவது. தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் நரம்பியல் மருத்துவர் ஹோவர்ட் பாரோஸ் 1963இல், உடல்நலமுள்ள ஒரு பெண்ணுக்கு நோயாளியாக நடிக்கப் பயிற்சி தந்து மாணவர்கள் முன் அமர்த்தினார். அப்போது இந்த முயற்சி கேலிக்கு உள்ளானது. ஸ்காட்லாந்தின் டண்டியில் ரொனால்ட் ஹார்டனும் சகாக்களும் 1975இல், மாணவர்கள் ஒவ்வோர் இடமாக நகர்ந்து குறிப்பிட்ட நேரத்தில் ஒவ்வொரு செயலையும் செய்துகாட்டும் தேர்வுமுறையை முன்வைத்தார்கள். இன்று அதை 'ஆஸ்கி' என்று நம் கல்லூரிகளிலும் சொல்கிறார்கள். நடிக்கும் நோயாளியிடம் பேசுவது அதில் ஓர் இடமாக அமைந்தது. பேச்சுக்கும் மதிப்பெண் போடலாம் என்பது இப்படித்தான் நடைமுறைக்கு வந்தது.

வார்டு நேரத்தில் எவ்வளவை இத்தகைய பாவனைப் பயிற்சியால் ஈடுசெய்யலாம்? அமெரிக்காவின் மாநிலச் செவிலியர் வாரியங்களின் தேசியக் குழு, பத்துக் கல்வித் திட்டங்களில் மாணவர்களைப் பட்டம் வரை பின்தொடர்ந்து 2014இல் முடிவை வெளியிட்டது. தரமான பயிற்சியும் தேர்ந்த ஆசிரியர்களும் இருந்தால், வார்டு நேரத்தில் 50 சதவீதம் வரை பாவனைப் பயிற்சிக்கு மாற்றினாலும் மாணவர்களின் திறனில் குறிப்பிடத்தக்க குறை தெரியவில்லை.

இந்த முறையின் உயிர், நடிப்பு முடிந்தபின் ஆசிரியரோடு உட்கார்ந்து அலசுவதில் இருக்கிறது. "அவர் அழத் தொடங்கியதும் நீ ஃபைலைப் பார்த்தாய், ஏன்?" என்ற கேள்விதான் அங்கே பாடம். பெப்லாவின் தாளும் இதே வேலையைத்தான் செய்கிறது, செலவில்லாமல். நோயாளிக்குப் பதிலாக வைக்கும் விலையுயர்ந்த பயிற்சிப் பொம்மையை வாங்கி வைத்துவிட்டு, அலசலுக்கு நேரம் ஒதுக்காத கல்லூரி பாதிப் பயிற்சியையே தருகிறது.

பாடம் ஆங்கிலத்தில், நோயாளி தமிழில்

தமிழ்நாட்டில் செவிலியர் கல்விக்கு நீண்ட மரபு உண்டு. வேலூரில் ஐடா ஸ்கடர் 1909இல் செவிலியர் பயிற்சியைத் தொடங்கினார். 1946இல் அங்கே பட்டப்படிப்பு வந்தது. அதே ஆண்டு டெல்லியிலும் தொடங்கியது. இந்தியாவின் முதல் செவிலியர் பட்டப்படிப்புகள் இவை. இந்திய நர்சிங் கவுன்சில் 2021இல் திருத்தி, எட்டுப் பருவங்களாக அமைத்த பி.எஸ்சி. பாடத்திட்டத்தில் செவிலியர் அடிப்படைகள் பாடத்துக்குள் தகவல்தொடர்பும் செவிலியர்–நோயாளி உறவும் இடம்பெறுகின்றன. முதல் பருவத்தில் ஆங்கிலத் தொடர்புத்திறனுக்குத் தனிப் பாடமே உண்டு.

இங்கேதான் இடைவெளி தெரிகிறது. சிகிச்சைசார் உரையாடலின் நுட்பங்களை மாணவி ஆங்கிலத்தில் பட்டியலாகப் படித்து, ஆங்கிலத்தில் தேர்வெழுதுகிறாள். திறந்த கேள்வி கேட்பது, சொன்னதைத் திருப்பிச் சொல்லி உறுதிசெய்வது, மௌனத்துக்கு இடம்கொடுப்பது என்று வரிசையாக எழுதி முழு மதிப்பெண் வாங்க முடியும். திருவண்ணாமலைப் பக்கத்து மூதாட்டியிடம் அந்தத் திறந்த கேள்வியை எந்தச் சொற்களில் கேட்பது என்று அவளுக்கு யாரும் சொல்லித்தந்திருக்க மாட்டார்கள். வெளிநாடு போக விரும்புகிறவர்களுக்கு நிலைமை வேறு. பிரிட்டன் போன்ற நாடுகள் ஏற்கும், மருத்துவப் பணியாளர்களுக்கான ஆங்கிலத் தேர்வான ஓ.இ.டி.யின் பேச்சுப் பகுதியில், தலா ஐந்து நிமிடம் போல இரண்டு நடிப்பு உரையாடல்கள் உண்டு. 2018 முதல் நோயாளியின் பார்வையைக் கேட்டறிவது போன்ற தொடர்புத் திறன்களும் அதில் மதிப்பிடப்படுகின்றன. லண்டன் நோயாளியிடம் எப்படிப் பேசுவது என்று காசு கொடுத்துப் பயிற்சி எடுக்கும் மாணவிக்கு, சொந்த ஊர் நோயாளியிடம் தமிழில் பேச அதேபோல ஒரு தேர்வு இல்லை.

தமிழ் நோயாளியிடம் பேசுவதற்கென்றே சில சிக்கல்கள் இருக்கின்றன. முதலாவது, பணிவு. எது சொன்னாலும் "சரிங்க சிஸ்டர்" என்று தலையாட்டுவது அரசு மருத்துவமனைக்கு வரும் பலரின் வழக்கம். புரியாததைக் கேட்டால் திட்டு விழும் என்ற பயமும் மரியாதையும் அதில் கலந்திருக்கின்றன. மருத்துவர்களும் செவிலியர்களும் சொல்லும் தகவலில் 40 முதல் 80 சதவீதம் உடனே மறந்துபோகிறது என்று 2003இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு கூறுகிறது. அதோடு இந்தப் பணிவையும் சேர்த்தால், "புரிஞ்சுதா அம்மா?" என்ற கேள்வியால் பயனே இல்லை. "வீட்டுக்குப் போய் இந்த ஊசிய எங்க வெப்பீங்க, சாப்பாட்டுக்கு முன்னாடியா பின்னாடியா போடுவீங்க, எனக்குச் செஞ்சு காட்டுங்கம்மா" என்று கேட்டால்தான் புரிந்தது எது, புரியாதது எது என்று வெளிவரும். கேட்கும்போது பரீட்சை வைக்கும் தொனி வரக்கூடாது. "நான் சரியா சொன்னேனான்னு பாக்கத்தான் கேக்குறேன்" என்று பழியைத் தன்மேல் போட்டுக்கொள்வது அனுபவசாலிகள் கையாளும் உத்தி.

இரண்டாவது, கூட இருப்பவர்கள். இங்கே நோயாளி தனியாள் அல்ல. மகனோ மருமகளோ தம்பியோ பக்கத்திலேயே இருப்பார்கள். கேள்விக்கு அவர்கள்தான் பதில் சொல்வார்கள். புற்றுநோய்ப் பிரிவில் மகன் மாணவியை ஓரமாக அழைத்து, "அப்பாகிட்ட மட்டும் சொல்லிராதீங்க சிஸ்டர்" என்று கெஞ்சுவது சாதாரணம். அரை மணி நேரம் கழித்து அதே அப்பா அவளிடம், "எனக்கு என்னம்மா வியாதி?" என்று கேட்பார். இருபது வயதுப் பெண்ணுக்கு இது பெரிய சுமை. பொய் சொல்லக்கூடாது, நோயின் பெயரைச் சொல்லும் அதிகாரமும் அவளுக்கு இல்லை. "உங்களுக்கு என்னன்னு நீங்க நெனைக்கிறீங்க அய்யா? யார்கிட்டயாவது கேட்டீங்களா?" என்று தொடங்கி, அவர் தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்ற செய்தியை மருத்துவரிடமும் குடும்பத்திடமும் கொண்டுசேர்ப்பதே அவள் செய்யக்கூடியது. இதற்கு முன்கூட்டிய ஒத்திகை வேண்டும். அந்த நிமிடத்தில் தோன்றுவதைச் சொன்னால் அது பெரும்பாலும் பொய்யாகவே இருக்கும்.

மூன்றாவது, பிரசவ அறை. வலியில் கத்தும் பெண்ணை அதட்டுவதும் ஏளனமாகப் பேசுவதும் அங்கே பல இடங்களில் வழக்கமாகிப்போனது. பிரசவத்தில் பெண்கள் அவமதிக்கப்படுவதைத் தடுக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2014இல் அறிக்கை வெளியிட்டது. இந்திய அரசு 2017இல் தொடங்கிய 'லக்ஷ்யா' திட்டம் மரியாதையான மகப்பேறு கவனிப்பைத் தர அளவுகோல்களில் சேர்த்தது. அதட்டுகிறவர் மோசமான மனிதர் என்று சொல்லிவிட்டுப் போக முடியாது. அவரும் ஒருகாலத்தில் அதே அறையில் மாணவியாக நின்று, அதட்டினால்தான் குழந்தை நல்லபடியாகப் பிறக்கும் என்று மூத்தவரிடம் கற்றவர்தான்.

கேட்டது மேலே போக வேண்டும்

கேட்டறிந்த செய்தி மாணவியோடு நின்றுவிட்டால் பயனில்லை. காலில் புண் வந்த பெரியவரின் பயத்தை அவள் இன்சார்ஜ் சிஸ்டரிடம் சொல்ல வேண்டும், அது அறுவைச் சிகிச்சை மருத்துவர்வரை போக வேண்டும். மருத்துவமனையின் அடுக்குமுறையில் மாணவி கடைசிப் படியில் நிற்கிறாள். தயங்கித் தயங்கிச் சொல்வதைக் கேட்க மேலே இருப்பவருக்கு நேரமில்லை. இதற்கென ஒரு வடிவம் இருக்கிறது. அமெரிக்கக் கடற்படையின் அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பல்களில் பிறந்து, கைசர் பெர்மனன்டே மருத்துவமனைகள் வழியாக உலகெங்கும் பரவிய 'எஸ்பார்' முறை அது. இப்போதைய நிலை, பின்னணி, என் கணிப்பு, நான் கேட்பது என்ற நான்கு படிகளில் எவரும் எவரிடமும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நம் கல்லூரிகளில் இது ஆபத்தான உடல்நிலையைத் தெரிவிக்கும் கருவியாகவே அறிமுகமாகிறது. "பத்தாம் பெட் அய்யா ஆபரேஷனுக்குப் பயந்து வீட்டுக்குப் போயிடுவேன்னு சொல்றார்; நீங்க ஒரு தடவை பேசணும்" என்பதற்கும் அது பொருந்தும்.

நேரம் இல்லை என்ற வாதம்

இவ்வளவுக்கும் எதிராக வரும் வாதம் வலுவானது. ஒரு ஸ்டாஃப் நர்ஸ் தனியாக நாற்பது படுக்கையைப் பார்க்கும் இரவில் பேச்சுக்கு எங்கே நேரம்? உண்மைதான், ஆள் பற்றாக்குறையைப் பயிற்சியால் தீர்க்க முடியாது. ஆனால் மேலே பார்த்த இரண்டு உரையாடல்களுக்கும் இடையிலான வேறுபாடு அரை நிமிடம்தான். ரத்த அழுத்தம் பார்க்கும் நேரத்துக்குள்ளேயே அந்தக் கேள்வியைக் கேட்டுவிடலாம். மூடப்பட்ட கேள்வி பின்னால் சிகிச்சை மறுப்பாகவோ தவறாகச் சாப்பிட்ட மாத்திரையாகவோ வார்டில் நடக்கும் சண்டையாகவோ திரும்பி வந்தால், அதற்கு ஆகும் நேரம் பல மடங்கு.

பேச்சைத் தனி வேலையாகவே மதித்து ஆள் அமர்த்திய முன்னுதாரணமும் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. கோ. வெங்கடசாமி 1976இல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, கிராமத்துப் பெண்களைத் தேர்ந்து இரண்டு ஆண்டுகள் பயிற்சி தந்து கண் மருத்துவத் துணைப் பணியாளர்களாக்குகிறது. அவர்களில் ஒரு பிரிவினரின் வேலையே நோயாளிக்கு ஆலோசனை சொல்வது. அறுவை என்ன, செலவு எவ்வளவு, வீட்டில் எப்படி இருக்க வேண்டும் என்பதை நோயாளியின் பேச்சுவழக்கிலேயே அவர்கள் விளக்குகிறார்கள். செவிலியர் கல்லூரியில் படித்தவர்கள் அல்ல அவர்கள். பேச்சை நிர்வாகம் வேலையாகக் கருதினால் அதற்குப் பயிற்சியும் நேரமும் தானே ஒதுக்கப்படும் என்பதை அவர்கள் காட்டுகிறார்கள்.

இன்னொரு வாதம், இது பிறவிக்குணம், கற்றுத்தர முடியாது என்பது. சிலருக்குப் பேச்சு எளிதாக வரும் என்பதை மறுக்க வேண்டியதில்லை. சிலருக்கு ஊசி போடவும் கை எளிதாக வரும். அதற்காக மற்றவர்களுக்கு ஊசி போடக் கற்றுத்தராமல் நாம் விட்டுவிடுவதில்லை.

செய்யக்கூடியவை பெரிய செலவு கேட்பவை அல்ல. பிராசஸ் ரெக்கார்டிங்கை மனநலப் பிரிவிலிருந்து எல்லாப் போஸ்டிங்குக்கும் கொண்டுவரலாம். ஒவ்வொரு வார்டிலும் ஓர் உரையாடல், தமிழில், பேசியபடியே. ஆஸ்கி தேர்வில் ஓர் இடத்தைத் தமிழ் பேசும் நடிப்பு நோயாளிக்கு ஒதுக்கலாம். மாணவி எழுதிவந்த தாளைத் திருத்தும் டியூட்டர் வார்டிலேயே இருந்து, மாணவியின் பேச்சைக் காதால் கேட்டிருக்க வேண்டும். இவற்றைவிட முக்கியமானது வார்டுத் தலைமைச் செவிலியருக்கான பயிற்சி. மென்ஸீஸ் முதல் வில்கின்சன், ஸ்மித் வரை எல்லோருடைய ஆய்வும் வந்து நிற்கும் இடம் வார்டின் சூழல்தான். அதை மாற்றும் அதிகாரம் மாணவியின் கையில் இல்லை. டியூட்டி மாறும் நேரத்தில் பிபி எவ்வளவு, சிறுநீர் எவ்வளவு என்று கேட்கும் இன்சார்ஜ் சிஸ்டர், "அய்யா உன்கிட்ட என்ன கேட்டாரு?" என்றும் கேட்கத் தொடங்கினால், நாளை அந்தக் கேள்விக்குப் பதில் வைத்திருப்பதற்காகவாவது மாணவி நோயாளியின் பக்கத்தில் கொஞ்ச நேரம் நிற்பாள். அளக்கப்படுவதைத்தான் மாணவி கற்கிறாள். எதை அளப்பது என்று முடிவுசெய்கிறவர்கள் மருத்துவமனையை நடத்துகிறவர்கள். பேசாத செவிலியரைப் பற்றிய புகாரும் முதலில் அவர்களிடமே போக வேண்டும்.